ஒரு தொட்டியும் ஒரு கூடாரமும்

ஏலகிரியிலிருந்து நாங்கள் வீடு திரும்பியபோது ஞாயிறு இரவு பதினொன்றரை. முதுகில் டெண்ட், கையில் ஈரத் துணி மூட்டை, ஷூ முழுக்கச் செம்மண். கதவைத் திறந்ததும் ஏர் பம்பின் கொர்ர் சத்தம் கேட்டது. அப்பாடா, கரண்ட் போகவில்லை என்று நினைத்துக்கொண்டே லைட்டைப் போட்டேன். தொட்டித் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. இரண்டு தங்கமீன்களும் மேலே, பக்கவாட்டில் மிதந்தன.

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. புது வீட்டுக்கு நாங்கள் சேர்ந்து வாங்கிய முதல் பொருள் அந்தத் தொட்டி. கொளத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, பைக்கில் நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. இரண்டாவதாக வாங்கியது டெண்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்பது அப்போது தெரியாது. ஒன்று வீட்டிலேயே இரு என்கிறது. இன்னொன்று வெளியே வா என்கிறது.

அன்றிரவு நடந்த சண்டையின் சுருக்கம் இது:

"நீதானே சொன்ன, ஊருக்குப் போறோம், தொட்டி சுத்தமா இருக்கணும்னு."

"தண்ணி மாத்தணும்னு சொன்னேன்ப்பா. ஃபில்டர் ஸ்பாஞ்ச், கூழாங்கல் எல்லாத்தையும் குழாய்ல காட்டித் தேய்ச்சுக் கழுவச் சொன்னேனா?"

"மூணு நாள் இரையை ஒரே நேரத்துல கொட்டுனது யாரு?"

இரை கொட்டியது நான்தான். கழுவியது அவன். ஆக, இருவரும் சேர்ந்துதான் கொன்றோம். எதனால் செத்தன என்று மறுநாள் தேட ஆரம்பித்தேன். அது என்னைக் கிட்டத்தட்ட இருநூறு வருடம் பின்னால் கொண்டுபோய்விட்டது.

*

பாத்திரத்தில் மீன் வளர்ப்பது பழைய பழக்கம். சீனாவில் சோங் அரச மரபின் காலத்திலேயே, அதாவது 10 முதல் 13-ஆம் நூற்றாண்டுக்குள், தங்கமீனை நிறம் பார்த்துப் பிரித்து இனம் பெருக்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்கு வந்தது. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1665-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் உயிரோடு இருக்கும் வெளிநாட்டு மீன்களைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் அவையெல்லாம் அழகுக்கு. கடலின் ஒரு துண்டை வெட்டி எடுத்து, கண்ணாடிக்குள் வைத்து, அதற்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கலாம் என்ற யோசனை வேறு. அதைச் செயலில் காட்டியவர் ஒரு தையல்காரி.

ஜான் வில்ப்ரூ 1794-இல் பிரான்ஸில் ஜுய்யாக் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பதினெட்டு வயதில் அங்கிருந்து பாரிஸுக்கு, நானூறு கிலோமீட்டருக்கு மேல், நடந்தே போனார் என்பார்கள். பாரிஸில் உடை தைக்கும் வேலை. 1816-இல் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு மருமகளாக வந்த சிசிலி இளவரசியின் கல்யாண கவுனைத் தைத்ததில் பெயர் கிடைத்தது. ஜேம்ஸ் பவர் என்ற ஆங்கிலேய வணிகரின் அறிமுகமும் கிடைத்தது. 1818-இல் சிசிலித் தீவின் மெசினா நகரத்தில் கல்யாணம். புது ஊர், புது மொழி, சுற்றிலும் கடல்.

மற்றவர்களாக இருந்தால் விருந்து, நாடகம் என்று காலம் போயிருக்கும். இவர் தீவு முழுக்க நடக்க ஆரம்பித்தார். செடி, பூச்சி, சிப்பி, பாறை என்று எல்லாவற்றையும் சேகரித்தார். பிற்பாடு சிசிலிக்கு ஒரு பயண வழிகாட்டியே எழுதினார். வீட்டுக்குள்ளும் வீட்டுக்கு எதிரே கடலிலும் நீர்ப் பிராணிகளை வளர்த்தார்.

அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றுதான். ஆர்கோனாட் என்று ஒரு பேய்க்கணவாய் இனம். காகிதம் போல மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓடு அதனுடையதா, இல்லை துறவி நண்டு மாதிரி இன்னொரு பிராணியின் ஓட்டுக்குள் குடிபுகுந்திருக்கிறதா? இரண்டு கட்சியாகப் பிரிந்து அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செத்த பிராணியை மேசையில் வைத்துக்கொண்டு எத்தனை வருடம் சண்டை போட்டாலும் முடியாது. உயிரோடு வளர்த்துப் பார்க்க வேண்டும்.

1832-இல் அதற்காக ஜான் செய்ததுதான் கண்ணாடித் தொட்டி. மூன்று வகை செய்தார். வீட்டுக்குள் வைக்க ஒன்று, கடலின் ஆழமில்லாத இடத்தில் கூண்டோடு இறக்க ஒன்று, பெரிய பிராணிகளுக்காக நங்கூரம் போட்டு நிறுத்தும் கூண்டு ஒன்று. அவற்றில் ஆர்கோனாட்டை வளர்த்தார். ஓட்டை உடைத்துப் பார்த்தார். பிராணி தானே சரிசெய்துகொண்டது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஓடு இல்லை, வளர்ந்த பிறகு அதுவே சுரந்து கட்டுகிறது என்று கண்டார். கேள்வி முடிந்தது.

கிழிந்ததை ஒட்டுப் போடுவது எப்படி என்று தெரிந்த ஒருவருக்குத்தான், ஓட்டைக் கிழித்துப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்குமோ? இது என் கற்பனை. ஆதாரம் கேட்காதீர்கள்.

1838-இல் அவருடைய சேகரிப்புகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஏற்றிக்கொண்டு போன கப்பல் கடலில் மூழ்கிவிட்டது. அத்தனை வருட உழைப்பில் பெரும்பகுதி போயிற்று. மீன் தொட்டியைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று ரிச்சர்ட் ஓவன் 1858-இல் எழுதினார். அதற்குள் இங்கிலாந்தில் அந்தப் பெருமைக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

*

அந்த ஆட்களில் ஒருவர் ஆனா தைன், வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த ஒரு பாதிரியாரின் மனைவி. 1846-இல் டார்கீ கடற்கரையில் கண்ட பவள உயிரிகளை உயிரோடு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீர் கெடாமல் இருக்கக் காற்று வேண்டுமே? திறந்த ஜன்னலோரம் நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றினார்கள். டீ ஆற்றுகிற மாதிரியேதான். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தது வீட்டு வேலைக்காரப் பெண். உலகத்தின் முதல் ஏர் பம்புகளில் ஒன்று ஒரு வேலைக்காரப் பெண்ணின் கைகள். அவள் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை.

ஆற்றாமல் முடியுமா என்று யோசித்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர். 1849-இல் ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன் விட்டார். நாங்கள் விட்ட அதே இரண்டு. கூடவே நாடா மாதிரி நீளும் வாலிஸ்னேரியா செடி. மீன் விடும் கரிவளியைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்ஸிஜனை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது கணக்கு. கொஞ்ச நாளில் செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்னும் நத்தைகளைப் போட்டார். தண்ணீர் தெளிந்தது. 1850-இல் இதை லண்டன் வேதியியல் கழகத்தில் சொன்னார். மீன், செடி, நத்தை மூன்றும் சேர்ந்து ஒரு சமநிலை என்றார்.

மூன்று பேர் என்று அவர் எண்ணிய இடத்தில் நான்காவதாக ஒரு கூட்டம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாதது.

மீன் கழிவிலிருந்து வருவது அமோனியா. கொஞ்சம் கூடினாலும் மீனுக்கு விஷம். ஆனால் தொட்டியின் கல்லிலும் செடியிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, செடிக்கு உரம் வேறு.

1877-இல் பாரிஸில் ஸ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் இதற்கு ஒரு சோதனை செய்தார்கள். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகச் சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்குப் பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினால் நின்றுபோனது. ஆகவே உள்ளே வேலை செய்வது ஏதோ உயிர். அந்த உயிர் குடியேற எடுத்துக்கொண்ட காலம்தான் அந்த 20 நாள்.

இங்கிலாந்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த ஒரு வேதியியலர். மாற்றம் ஒரே தாவலில் நடப்பதில்லை, இரண்டு கட்டமாக, இரண்டு வகை நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று காட்டினார். 1890-இல் வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். ரோதம்ஸ்டெட் வேதியியலரின் பெயரைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராபர்ட் வாரிங்டன். அதே பெயர். தங்கமீன் தொட்டி வைத்தவரின் மகன்.

அப்பா தொட்டி வைத்தபோது மகனுக்கு வயது 11. அந்தத் தொட்டியைப் பார்த்து வளர்ந்த பையன், பெரியவனாகி வயல் மண்ணில் தேடிக் கண்டது, அப்பாவின் தொட்டிக்குள் அத்தனை நாளும் வேலை செய்துகொண்டிருந்த நான்காவது கூட்டத்தைத்தான். அப்பா 1867-இலேயே இறந்துவிட்டார். தன் மீன்கள் எதனால் பிழைத்தன என்பது அவருக்குக் கடைசிவரை முழுக்கத் தெரியாது.

எங்கள் மீன்கள் எதனால் செத்தன என்பது எனக்கு இப்போது தெரியும். ஸ்பாஞ்சில் வழவழவென்று ஒட்டியிருந்ததை அவன் அழுக்கு என்று நினைத்தான். அதுதான் அவற்றின் உயிர். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவியதோடு குடியிருந்த கூட்டம் முழுவதும் போய்விட்டது. அதற்கு மேல் நான் மூன்று நாள் இரையைக் கொட்டினேன். தின்றது போக மிச்சம் அழுகி அமோனியா ஏறியிருக்கிறது. பளபளவென்று சுத்தமான தொட்டியில், சுத்தத்தாலேயே செத்துப்போயின.

*

1845-இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிவானது. ரயில் கடற்கரைவரை போனது. 1853 மே மாதம் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் வீடு திறந்தது. அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்து அனுப்பியவர்களில் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ்.

காஸும் எமிலியும் இளம் தம்பதி இல்லை. 1848-இல் கல்யாணம் ஆனபோது அவருக்கு 38, எமிலிக்கு 42. இருவரும் எழுத்தாளர்கள், கறாரான பக்தர்கள். மறுவருடம் மகன் எட்மண்ட் பிறந்த நாளில், மனைவிக்குப் பிள்ளை பிறந்ததையும் ஜமைக்காவிலிருந்து ஒரு பறவை வந்து சேர்ந்ததையும் காஸ் ஒரே மூச்சில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எந்த மாதிரி வீடு என்று புரிந்துகொள்ளலாம். 1852-இல் உடல்நலத்துக்காக லண்டனை விட்டு டெவன் கடற்கரைக்குப் போனார்கள். அங்கே பாறைக் குட்டைகளில் கடல் சாமந்திகளையும் இறால்களையும் பார்த்து அவர் எழுதிய புத்தகங்களில் 1854-இல் வந்த 'தி அக்வேரியம்' பெரிய வெற்றி. வண்ணப் படங்களோடு வந்தது. மீன் தொட்டிக்கு அக்வேரியம் என்ற பெயரை ஊர் முழுக்கப் பரப்பியது அவர்தான்.

பிறகு நடந்தது ஒரு பைத்தியம். நடுத்தர வர்க்க வீடுகளின் வரவேற்பறையில் எல்லாம் தொட்டி. விடுமுறைக்குக் கடற்கரை போனவர்கள் உளியும் சுத்தியலும் ஜாடியும் எடுத்துக்கொண்டு போனார்கள். பாறையைப் பெயர்த்துக் கடல் சாமந்தியை எடுத்துவந்தார்கள். முக்கால்வாசி ஒரு வாரத்தில் செத்திருக்கும். நான்காவது கூட்டத்தைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாதே.

எமிலி 1857 பிப்ரவரியில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். எட்மண்டுக்கு ஏழு வயது. அந்தப் பையன் பின்னாளில் 1907-இல் 'ஃபாதர் அண்ட் சன்' என்ற நினைவுநூலை எழுதினான். சிறு வயதில் அப்பாவோடு பார்த்த அந்தப் பாறைக் குட்டைகள் இப்போது இல்லை, சேகரிப்பாளர்களின் படை வந்து துடைத்துவிட்டது, தன் புத்தகங்களே அதற்கு வழிகாட்டிவிட்டன என்று அப்பா வருந்தினார் என்கிறான். நேசித்ததை நாலு பேருக்குச் சொன்னார். நாலாயிரம் பேர் வந்தார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு அருவியின் லொகேஷனைப் போடும்போதெல்லாம் எனக்கு இப்போது காஸ் நினைவுக்கு வருகிறார்.

*

லண்டனில் மீன் வீடு திறந்த அதே 1853-இல் அமெரிக்கச் சமவெளியில் ஒரு ஒன்பது வயதுப் பையன் பெற்றோரோடு மாட்டு வண்டிக் கூட்டத்தில் போய்க்கொண்டிருந்தான். கூட்டத்தில் 300 பேர். தூரம் சுமார் 1,200 மைல். இரவானால் கூடாரம். பெயர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். பிழைப்புக்காகப் போன பயணம், பொழுதுபோக்கு இல்லை. ஆனால் வெட்டவெளியில் தூங்கும் ருசி ஒட்டிக்கொண்டது. வளர்ந்து லண்டனில் அவர் என்ன வேலை செய்தார் தெரியுமா? தையல்காரர்.

இதைப் படித்ததும் அவனை எழுப்பிச் சொன்னேன். "இங்க பாருப்பா, தொட்டி செஞ்சதும் டெய்லர், டெண்டைப் பரப்புனதும் டெய்லர்." தூக்கத்தில் "நல்லது" என்றான்.

தையல்காரருக்குத் துணியின் எடை தெரியும். ராணுவக் கூடாரம் மாதிரி வண்டியில் ஏற்ற வேண்டியதைக் குறைத்துக் குறைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற அளவுக்கு ஹோல்டிங் கொண்டுவந்தார். 1897-இல் நண்பர்களோடு அயர்லாந்தில் சைக்கிளில் போய் முகாம் போட்டதைப் புத்தகமாக எழுதினார். 1901-இல் சைக்கிள் முகாமிகளுக்குச் சங்கம் தொடங்கினார். 1908-இல் முகாமிடுவோருக்கு ஒரு கையேடு. பணமும் வேலையாட்களும் இல்லாத குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் சனி ஞாயிறு ஊரைவிட்டு வெளியே தூங்கலாம் என்று ஆனது இதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் இதற்கு முன்பே ஒரு அலை அடித்திருந்தது. பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் மர்ரே என்ற இளம் போதகர் மனைவி இசடோராவோடு அடிரான்டாக் மலைக் காடுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். 1869-இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் காட்டுக்குப் போக என்ன உடுத்த வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. ரயில் நேரத்தோடு ஒரு பதிப்பு. காசநோய் முற்றிய ஒரு இளைஞன் காட்டில் இருந்து குணமாகித் திரும்பினான் என்றும் ஒரு கதை. அந்தக் கோடையில் ஆயிரக்கணக்கில் ஜனம் கிளம்பியது. மழை கொட்டியது, கடிக்கும் ஈக்கள் மொய்த்தன, தங்க இடமில்லை. கதையை நம்பி வந்த நோயாளிகளும் அதில் இருந்தார்கள். பத்திரிகைகள் அவர்களை 'மர்ரேயின் முட்டாள்கள்' என்று கேலி செய்தன. காஸுக்குக் கடற்கரையில் நடந்தது மர்ரேவுக்குக் காட்டில் நடந்தது.

தொட்டியும் கூடாரமும் எதிரிகள் என்று நினைத்தேனே, ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். புகையும் சாக்கடையும் சூழ்ந்த நகரத்தில் அடைபட்ட ஒரு தலைமுறை, ஒரு கையால் குட்டையை வீட்டுக்குள் இழுத்தது, மறு கையால் வீட்டைச் சுருட்டிக் காட்டுக்குத் தூக்கிப் போனது. இரண்டையும் சாத்தியமாக்கியது ஒரே ரயில்.

*

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று விட்டுவிட முடியாது. 1909-இல் சென்னை மெரினாவில் ஒரு மீன் காட்சியகம் திறந்தது. இந்தியாவில் அதுதான் முதல். அதற்கும் முன்னால், 1865-இல், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆற்று மீன் ஒன்றுக்கு, சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, அப்போதைய மெட்ராஸ் கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். வெள்ளி உடம்பில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஓடும் அழகு மீன். கேரளத்து ஓடைகளில் கூட்டமாகத் திரிந்தது. 1990-களில் உலகச் சந்தை அதைக் கண்டுகொண்டது. 'மிஸ் கேரளா' என்று செல்லப் பெயர். ஆறுகளிலிருந்து வலை போட்டு அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். இன்று அது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அருகிவரும் இனம். டெவன் குட்டைக்கும் சாலியாற்றுக்கும் இடையில் நூற்றைம்பது வருடம். கதை ஒன்றுதான்.

நாங்கள் மறுபடி தொட்டி வைத்தோம். இந்த முறை மீன் இல்லாமல். தினமும் ஒரு சிட்டிகை இரை மட்டும் போட்டு, பாக்டீரியா குடியேறட்டும் என்று ஐந்து வாரம் காத்திருந்தோம். வீட்டுக்கு வந்த மாமியார், "என்னம்மா, வெறும் தண்ணிக்கு லைட்டு போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். உள்ளே ஆள் இருக்கிறது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன மாதம் மலையடிவாரத்தில் ஒரு ஓடைக்குப் பக்கத்தில் டெண்ட் போட்டோம். தொட்டியில் இப்போது நான்கு சின்ன மீன்கள். கீழ்வீட்டு அக்காவிடம் சாவியும், நாளுக்கு ஒன்றாக மடித்த இரைப் பொட்டலங்களும் கொடுத்திருந்தோம். காலை வெயிலில் ஓடைக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தபோது விரல் விரலாக மீன்கள் வந்து கடித்தன. பெயர் தெரியாத மீன்கள். அவன் சத்தம் போடாமல் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தான். ஒன்று உள்ளே வந்துவிட்டது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி உடம்பு, நடுவில் முள் தெரிந்தது.

"எடுத்துட்டுப் போலாமா?"

"வேணாம்ப்பா."

பாட்டிலைக் கவிழ்த்தான். அது எந்தப் பக்கம் போனது என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா இன்னிக்கு இரை போட்டாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றான். சிக்னல் தேடி நான் மேட்டுக்கு ஏற ஆரம்பித்தேன்.